நாடகம், இலக்கியம், உளவியல்: புதுச்சேரி, கடலூர் பக்கம் மூன்றையும் சேர்த்துப் படிக்க

நாடகம் படிக்க ஆசை, இலக்கியத்தை விட மனமில்லை, உளவியலும் இழுக்கிறது. மூன்றையும் படிக்க முடியுமா? முடியும். ஆனால் மூன்றையும் கலந்து தரும் ஒரே பட்டத்தைத் தேடி அலையாதீர்கள். நம் பக்கத்தில் இவை தனித்தனித் துறைகள். அவற்றைச் சேர்த்துக்கொள்வது மாணவரின் வேலை. அதை எந்த வரிசையில் செய்தால் மூச்சு முட்டாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பிளஸ் டூ முடித்தவர்களுக்கும், பி.ஏ. கடைசி வருடத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எதற்கு நேரில் போக வேண்டும் என்று முதலில் பிரியுங்கள்

எந்தக் கல்லூரி என்று யோசிப்பதற்கு முன்னால், மூன்றில் எதை நேரில் போய்ப் படித்தே ஆக வேண்டும் என்று பாருங்கள். நாடகத்தை வீட்டில் உட்கார்ந்து கற்க முடியாது. எதிரில் இன்னொரு ஆள் நின்றால்தான் நடிப்பு. உளவியலும் அப்படித்தான். ஆய்வகச் செய்முறை, சோதனைகளை நடத்தும் முறை, பேட்டி எடுக்கும் பழக்கம் எல்லாம் ஆசிரியர் பக்கத்தில் இருந்து திருத்தினால்தான் வரும். அதோடு 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. 'உளவியலைத் தபாலில் முடித்துக்கொள்ளலாம்' என்ற பழைய யோசனையை யாராவது சொன்னால், அந்தக் கதவு மூடியாயிற்று என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்னும் சேர்க்கை நடக்கிறது என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்.

மிஞ்சுவது இலக்கியம். மூன்றில் அது ஒன்றுதான் பஸ்ஸிலும் படிக்கக் கூடியது. தமிழ் எம்.ஏ., ஆங்கில எம்.ஏ. இரண்டுமே தொலைநிலையில் கிடைக்கின்றன. தமிழுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஆங்கிலத்துக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று பார்க்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 ஏப்ரலில் மானியக் குழு அனுமதி கொடுத்தது. ஒன்று நேரடி, ஒன்று தொலைநிலை என்றால் சிக்கல் குறைவு. இரண்டும் நேரடி என்றால் வகுப்பு நேரம் மோதக் கூடாது. விதி அனுமதித்தாலும் நீங்கள் சேரும் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை மூன்றாவது பருவத்தில் உதவாது.

என் அபிப்பிராயத்தில் நம் பக்கத்து மாணவர்களுக்கு ஒத்துவரும் வரிசை இதுதான்: இளநிலையில் இலக்கியம் அல்லது உளவியல், முதுகலையில் நாடகம். நாடக முதுகலைக்கு எந்தப் பட்டம் படித்தவரும் வரலாம் என்பதே வழக்கம். உளவியல் முதுகலை அப்படியில்லை. இளநிலையிலும் உளவியல் படித்திருக்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் பிற்பாடு மனநல ஆலோசகராகும் எண்ணம் துளியாவது இருந்தால், உளவியலை இளநிலையிலேயே எடுத்துவிடுவது நல்லது. அந்த எண்ணம் இல்லை, மனிதர்களைப் புரிந்துகொள்ளத்தான் என்றால், விருப்பப் பாடமாக எடுத்தால் போதும்.

விண்ணப்பம்

மூன்று வாசல்கள் உள்ளன, மூன்றுக்கும் தேதி வேறு. புதுச்சேரி அரசுக் கல்லூரிகளுக்கு, அந்த அரசின் மையச் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கடலூர் பெரியார் கலைக் கல்லூரி போன்ற தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டின் இணையவழிச் சேர்க்கை. நாடகத் துறை இருப்பது காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில்; அது மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. முதுகலைக்கான க்யூட் விண்ணப்பம் பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில் திறந்து, தேர்வு மார்ச் வாக்கில் நடந்துவிடுகிறது. கடைசி செமஸ்டர் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கடலூர் மாணவர்கள் கவனிக்க: சென்டாக்கில் நீங்கள் வெளிமாநிலத்தவர். இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தானே என்று அங்கே வாதாட முடியாது.

நாடகத் துறையில் எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் இருக்கும் என்று எண்ணித் தயாராகுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தனிப்பேச்சு, ஒரு பாட்டு, உடம்பை அசைத்துக் காட்ட ஏதாவது ஒன்று. சினிமா வசனத்தைப் பேசிக் காட்டாதீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் அசல் நடிகரின் குரலைத்தான் கேட்பார், உங்களுடையதை அல்ல. பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் பேரம் பேசும் ஒரு பெண்ணை, தேவனாம்பட்டினத்தில் வலை பிரிக்கும் ஒரு பெரியவரை, அவர்கள் பேச்சிலேயே செய்து காட்டுங்கள். குரல் நன்றாக இல்லையென்றாலும் பாடுங்கள். சுருதி விலகுவதைவிடப் பாட மறுப்பதுதான் அங்கே தவறாகத் தெரியும்.

எங்கே தங்குவது

இதைக் கடைசியாக யோசிப்பவர்கள்தான் அதிகம். வகுப்பு நாலரைக்கு முடியும், ஒத்திகை அதற்கு அப்புறம்தான் தொடங்கும். நாடகம் மேடையேறும் மாதத்தில் இரவு ஒன்பது சாதாரணம். காலாப்பட்டிலிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து அரியாங்குப்பம், கன்னியக்கோயில் வழியாகக் கடலூர் என்று தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வருவது உடம்பைக் கெடுக்கும். நாடகத்தை முதன்மைப் பாடமாக எடுத்தால் விடுதி வாங்கிவிடுங்கள். உளவியல் அல்லது இலக்கியம் முதன்மை என்றால் வீட்டிலிருந்து போய்வரலாம்.

சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழ், இசை, உளவியல் மூன்றுக்கும் அங்கே துறைகள் உண்டு. தெற்குப் பக்கத்துக்காரர்கள் அதை முதலில் பாருங்கள்.

ஒரு பருவத்துக்கு ஒரு பிரதி

சரி, சேர்ந்தாயிற்று. முதல் வாரத்திலேயே மூன்று துறையும் மூன்று பக்கம் இழுக்கும். இலக்கிய வகுப்பில் ஒரு கட்டுரை, உளவியலில் ஒரு ஆய்வறிக்கை, நாடகத்தில் ஒரு காட்சி. தனித்தனியாக ஓடினால் மூன்றும் அரைகுறையாகும். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து: ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரே ஒரு இலக்கியப் பிரதியைப் பிடித்துக்கொண்டு, மூன்று வகுப்பு வேலையையும் முடிந்தவரை அதன்மேலேயே செய்வது. ஆசிரியர்கள் தலைப்பைப் பெரும்பாலும் நம்மிடமே விடுவார்கள். கேட்டால் ஒப்புக்கொள்வார்கள்.

முதல் பருவத்துக்கு நான் சொல்வது பாஞ்சாலி சபதம். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் இறந்த பிறகு, 1924-இல்தான் அச்சாயிற்று. இலக்கிய வகுப்புக்கு எழுத இதிலேயே நிறைய இருக்கிறது. வியாச பாரதத்திலிருந்து எதை எடுத்தார், எதை மாற்றினார், எளிய சந்தத்தை ஏன் தேர்ந்தார் என்று ஒரு கட்டுரை தாராளமாக வரும்.

அடுத்து உளவியல். துச்சாதனன் பாஞ்சாலியைக் கூந்தலைப் பற்றித் தெருவழியே இழுத்துப் போகிறான். ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த ஊராரைப் பாரதி நெட்டை மரங்கள் என்று திட்டுகிறார். ஏன் ஒருவரும் கை நீட்டவில்லை? ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட சோதனை இதே கேள்வியைத்தான் கேட்டது. தனி அறையில் இருக்கும் மாணவர், இன்னொருவர் வலிப்பு வந்து திணறுவதை ஹெட்போனில் கேட்கிறார். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி கேட்டு எழுந்தார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 விழுக்காடு மட்டுமே. கூட்டம் பெருகப் பெருகப் பொறுப்பு கரைகிறது. பாரதிக்கு ஊரார்மேல் கோபம், டார்லிக்கும் லட்டானேக்கும் காரணம் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே பதிலுக்கு வருகின்றனவா? எனக்கு இல்லை என்றுதான் படுகிறது. தெருவில் நின்றவர்களுக்கு ராஜாவின் தம்பியைத் தடுக்கும் பயமும் இருந்தது, அந்த அறையில் இருந்த மாணவர்களுக்கு அப்படி ஒருவர்மேலும் பயமில்லை. இந்த வேறுபாட்டை எழுதினால் உங்கள் உளவியல் அறிக்கைக்குச் சொந்தமாக ஒரு கருத்து கிடைத்துவிடும்.

இனி மேடை. ஆறு பேரைத் தெருவோரமாக நிறுத்துங்கள். ஒருத்தி இழுபட்டுப் போகிறாள். ஆறு பேரில் ஒவ்வொருவரும் எந்த நொடியில் முகத்தைத் திருப்புவது என்று தாங்களே முடிவு செய்யட்டும், வசனம் வேண்டாம். முதல் தடவை எல்லோரும் அதிர்ச்சியாக முகத்தை வைத்துக்கொள்வார்கள், பார்க்கச் சகிக்காது. பக்கத்திலிருப்பவரைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் தலையைக் குனியுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். காட்சிக்கு உயிர் வந்துவிடும். அந்தக் கடைக்கண் பார்வைக்குள் டார்லி, லட்டானேயின் முழு ஆய்வும் இருக்கிறது. இன்னும் ஒரு படி போக விரும்பினால் பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வழிமுறை இருக்கிறது. பார்வையாளர்களில் ஒருவர் 'நிறுத்து' என்று சொல்லி, மேடையேறி, நின்றுகொண்டிருந்த ஒருவரின் இடத்தைத் தான் எடுத்துக்கொண்டு வேறு மாதிரி செய்து காட்டலாம். இதைக் கல்லூரி விடுதியில் செய்தால், ராகிங் பற்றிய உரையாடலாக அது தானே மாறும்.

நான்காவதாக ஒரு கண் வேண்டும், அதற்குக் கூத்து பாருங்கள். கடலூர், விழுப்புரம், புதுச்சேரிச் சுற்றுவட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனியிலிருந்து ஆடிவரை பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். துகிலுரிதல் இரவில், காட்சிக்கு நடுவே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் தொடரும் குழுக்கள் உண்டு. பாரதப் போர் முடிவை நடத்திக் காட்டும் படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் படுத்திருக்க, அதன்மேல் நின்று பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள். அப்போது கூட்டத்தில் சிலருக்கு அருள் வரும். வேஷக்காரரும் பாத்திரமும் எங்கே பிரிகிறார்கள், பார்ப்பவர் எங்கே பங்கேற்பவர் ஆகிறார் என்ற கேள்விகளை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து வைக்காது. போகும்போது ஒன்று: கேமராவை நீட்டுவதற்கு முன்னால் கூத்து வாத்தியாரிடம் கேளுங்கள், விடியும்வரை உட்காருங்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டு ஆய்வு எழுதுபவர்களை அந்த ஊர்க்காரர்கள் நினைவு வைத்திருப்பார்கள்.

மெய்ப்பாட்டை உடம்பில் போட்டுப் பார்ப்பது

உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை இலக்கிய மாணவர்கள் பட்டியலாக மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். நாடகம் படிப்பவருக்கு அது பயிற்சி நூல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம். அழுகை இளிவால் (அவமானத்தால்) வரும், இழவால் வரும், அசைவால் (நிலை தளர்வதால்) வரும், வறுமையால் வரும். நான்கு சீட்டில் நான்கையும் எழுதி மடித்துப் போடுங்கள். ஒருவர் ஒரு சீட்டை எடுத்துப் பேசாமல் நடிக்க வேண்டும், மற்றவர்கள் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவமானத்தால் அழுபவர் முகத்தை மறைப்பார், பிள்ளையை இழந்தவர் மறைக்க மாட்டார். இதை நடித்துப் பார்த்தவர்களுக்குத் தேர்வுக்குத் தனியாகப் படிக்க வேண்டியிருக்காது.

உளவியல் வகுப்பில், முகபாவங்களை ஆராய்ந்த பால் எக்மன் வரும்போது இந்த எட்டையும் அவருடைய ஆறு அடிப்படை உணர்ச்சிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோபம், பயம், வியப்பு எல்லாம் இரண்டிலும் இருக்கும். பெருமிதம் அவருடைய ஆறில் இல்லை.

உடம்பு முதலா, உணர்ச்சி முதலா என்ற வழக்கும் நடிகர்களுக்குப் பிடித்தமானது. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் உடம்பின் மாற்றம்தான் முதலில் என்று எழுதினார். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் கடைசிக் காலத்தில் உணர்ச்சி நினைவைவிட உடல்வழிச் செயலையே அதிகம் நம்பினார். ஆனால் ஒரு எச்சரிக்கை. பேனாவைப் பற்களில் கடித்து முகத்தைச் சிரிப்புப் போல வைத்தால் கேலிச்சித்திரம் கூடுதல் வேடிக்கையாகத் தெரியும் என்ற 1988 சோதனையை நாடகப் பட்டறைகளில் இன்னும் வேதவாக்காகச் சொல்கிறார்கள். 2016-இல் 17 ஆய்வகங்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. நாடகக்காரர்களுக்கு உளவியல் வகுப்பு கற்றுத்தரக்கூடிய மிகப் பயனுள்ள விஷயம் இந்தச் சந்தேகம்தான்.

ஒத்திகை நோட்டு

கூடுமானவரை அன்றன்றைக்கே எழுதுங்கள். இடது பக்கத்தில் நடந்தது, வலது பக்கத்தில் அதைப் பற்றி நினைத்தது. 'நன்றாக வந்தது' என்று எழுதுவதில் பயனில்லை. 'மூன்றாவது வசனத்தில் கை தானாக இடுப்புக்குப் போகிறது' என்று எழுதினால் பிறகு உதவும். முதுகலையில் ஆய்வேடு எழுதும்போது இந்த நோட்டுதான் தரவு.

இதே நோட்டில் ஒரு பக்கம் மேடைக்கணக்குக்கு ஒதுக்குங்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதை மேடையை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்கிறது. ஒரு கோல் 24 விரல். கட்டை விரல் அளவில் போட்டால் கோல் ஏறக்குறைய அரை மீட்டர், மேடை சுமார் மூன்றரை மீட்டருக்கு நாலு மீட்டர். வகுப்பறைத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு அதற்குள் நாலு பேரை நடமாட விடுங்கள். அந்தக் காதையின் பாதி வரிகள் உரை பார்க்காமலே விளங்கும்.

உளவியலை எங்கே நிறுத்துவது

இந்த மூன்றைச் சேர்த்துப் படிப்பவர்களிடம் வரும் பெரிய கெடுதல், இரண்டாவது பருவத்திலேயே எல்லோருக்கும் சிகிச்சை செய்யக் கிளம்பிவிடுவது. நடிப்பு வழியாகச் சிகிச்சை செய்யும் ஜேக்கப் மொரேனோவின் உளநாடகத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் படித்துவிட்டு, விடுதி நண்பனின் அப்பா இறந்ததை நடித்துக் காட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அவன் உடைந்துபோனால் அள்ளிச் சேர்க்க உங்களுக்குத் தெரியாது.

ஒத்திகைக்குச் சில விதிகளை முதல் நாளே பேசிவிடுங்கள். சொந்தத் துக்கத்தைக் கொண்டுவரச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, இயக்குநர் உட்பட. தொட வேண்டிய காட்சி என்றால் எங்கே, எப்படி என்று முன்பே கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். கனமான காட்சி முடிந்ததும் அப்படியே கலைந்து போகாமல், உடையை மாற்றி, முகம் கழுவி, தன் பெயரைச் சொல்லி, பத்து நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டுக் கிளம்புங்கள். யாராவது நாட்கணக்கில் அதிலிருந்து மீளாமல் இருந்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பிற்பாடு மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட வேண்டுமானால், அதற்கென்று அங்கீகரித்த படிப்பும் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவும் வேண்டும். நாடக முதுகலையும் ஒரு பட்டறைச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

வகுப்புக்கு வெளியே

புதுச்சேரியில் படிப்பதன் லாபம் இங்கேதான். புதுவைப் பல்கலைக்கழக நாடகத் துறை, தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கியது, நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி அதன் இயக்குநராக இருந்தார். சுவாமிகள் 1922-இல் இந்த ஊரில்தான் காலமானார், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. ஆரோவில் பக்கத்தில் வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி என்ற நாடக மையம் இருக்கிறது. மூச்சு, குரல், தாளம் பற்றி அங்கே நடக்கும் பயிற்சி முகாம்களுக்குக் கட்டணம் உண்டு, அதனால் இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைத்துப் பணம் சேருங்கள். நகரிலும் சுற்றுப்புறத்திலும் இந்தியாநாஸ்ட்ரம் நாடகக் குழு, அல்லயான்ஸ் பிரான்சேஸ், ஆரோவில் பாரத் நிவாஸ் அரங்கு என்று எங்காவது ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். நடிக்க இடமில்லை என்று சொன்னால் விளக்குத் தூக்கவோ நாற்காலி போடவோ கேளுங்கள். ஒளியமைப்புக் கற்றவருக்கு எந்தக் குழுவிலும் வேலை இருக்கும், நடிகருக்கு அப்படியில்லை.

படித்து முடித்த பிறகு

வீட்டில் 'கூத்தாடியாகவா போகிறாய்' என்று கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். கற்பிக்கும் வேலைக்கு யூ.ஜி.சி. நெட் தேர்வு. அதில் நிகழ்த்துகலை, உளவியல், தமிழ் மூன்றும் தனித்தனிப் பாடங்கள், உங்கள் முதுகலை எதுவோ அதில் எழுதுங்கள். பள்ளிகளில் நாடகவழிக் கற்பித்தல், தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வு நாடகங்கள், நிறுவனப் பயிற்சிகள், டப்பிங், எழுத்து என்று கலந்துதான் பலரும் முதல் சில வருடங்களை ஓட்டுகிறார்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்குப் போகும் எண்ணம் இருந்தால், பட்டத்தோடு நாடகங்களில் பங்கேற்ற சான்றும் கேட்பார்கள். அதனால் முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு நாடகத்தின் அழைப்பிதழ், துண்டறிக்கை, உங்கள் பெயர் வந்த செய்தி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நாடகம் முடிந்த அன்றே இயக்குநரிடம் ஒரு சான்றுக் கடிதம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அவர் எந்த ஊரில் இருப்பார் என்று சொல்ல முடியாது.